காஜாங்கில் நிற்காத சைக்கிள்கள்

சிவமயம்

செராங்கூன் ரோட், சிங்கப்பூர்
1911ம் ஆண்டு ஜனவரி மாதம் 8ந் திகதி, ஞாயிறு

அன்புள்ள மகன் ஜெயரத்தினத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் ஐயாவின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் மனோரஞ்சிதமும் காய்ச்சல் தலையிடி ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று அறிந்தால்தான் எனக்கு நிம்மதி. முழங்காலுக்கு என்ன என்று நீ கேட்பாய், அதையே முதலில் சொல்கிறேன். உன் ஐயா மலாக்காவிலிருந்து கோலாலம்பூருக்குச் சைக்கிளில் போகப்போகிறார். சிரிக்காதே. ஐம்பத்திரண்டு வயதில், சர்வே கந்தோரில் நாற்காலியை விட்டு எழும்பாத மனுஷன், ரயில் ஓடும்போது இதென்ன விசர் என்று நானும் கேட்டேன். முப்பது வருஷமாய் ஊர்களைக் கடதாசியில கீறுறன், ஒண்டையாவது மிதிச்சுப் பார்க்க வேண்டாமோ என்றார். உண்மையைச் சொன்னால் அந்த ஆசை எனக்கும் தொற்றிவிட்டது, இப்போது வீட்டில் இதைப்பற்றி அதிகம் கேள்வி கேட்பவள் நான்தான்.

கூடப் போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கும் கோவிந்தசாமி வாத்தியார், மற்றவர் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நாகூர்க்காரர் அப்துல் முத்தலிப். இவர்களில் முத்தலிப் ஒருவருக்குத்தான் சைக்கிள் என்றால் என்னவென்று தெரியும், மற்ற இருவரும் மாட்டுக் கொட்டில்களைச் சுற்றிப் குதிரைப் பந்தயத் திடல் வரை போய் வருவதோடு சரி. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பழகிப் பார்க்க உட்லண்ட்ஸ் வரை புறப்பட்டார்கள். நன்றாக விடிந்த பிறகு, நான் கொடுத்த இடியப்பத்தை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனதுதான் பிழை. புக்கிட் தீமாவில் ஏறும்போதே வாத்தியாருக்கு மூச்சு வாங்கியதாம். சுவா சூ காங்குக்குத் திரும்பும் பாதைக்குக் கிட்ட, இந்த அன்னாசித் தோட்டத்தில் புலி நிற்கிறது என்று யாரோ சொன்ன கதை ஐயாவுக்கு ஞாபகம் வந்து, புல்லுக்குள் என்னவோ அசைய, பிரேக்கைப் பிடிப்பதா மிதிப்பதா என்று யோசித்தபடியே ரோட்டோரக் கானுக்குள் விழுந்து முழங்காலை அடித்துக்கொண்டார். அசைந்தது ஆடு. திரும்பி வரும்போது மூன்று பேரும் ரயிலில், மூன்று சைக்கிளும் சாமான் ஏற்றும் கார்டு வண்டியில். வீட்டு வாசலில் வைத்து முத்தலிப், ஐயா, நாம சைக்கிளை ஓட்டினதவிட ரயிலு நம்மள ஓட்டினதுதான் அதிகம் என்று சொல்லிச் சிரித்தார், ஐயா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து முத்தலிப் சொல்கிறதுதான் சட்டம். வெள்ளாப்பில் ஐந்தரைக்குப் புறப்படுவது, பதினொரு மணிக்கு நிழல் கண்ட இடத்தில் இறங்கி மூன்று மணி வரைக்கும் அசையாமல் கிடப்பது, வழியில் சோறு தின்னாமல் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் வாழைப்பழமும் மட்டும். பழகாத ஒடம்புக்கு ஒரு நாளைக்கு முப்பது மைலு, அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். டியூபில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரு பேசின் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி டியூபை அதற்குள் அமுக்கிக் காட்டினார், குமிழி வருகிற இடம்தான் ஓட்டையாம். அரத்தால் தேய்த்துப் பசை பூசி நானே ஒரு ரப்பர் துண்டை ஒட்டினேன். இன்றைக்கு வரைக்கும் காற்றுப் போகவில்லை, உன் தங்கச்சி சரோஜினி சாட்சி.

இனி வழி. ஜொகூர்க் காட்டுக்குள்ளால் தொடர்ந்து ரோட்டு இல்லையாம், அதனால் 27ந் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் சைக்கிள்களோடு மலாக்காவுக்குக் கப்பல். சனிக்கிழமை மலாக்காவிலிருந்து தம்பின் இருபத்துநான்கு மைல், ஞாயிறு தம்பினிலிருந்து சிரம்பான் முப்பது. இதில் ஒரு வேடிக்கை பார். வேறு யாரும் என்றால் மைலைப் பார்த்துத் தங்குமிடம் வைப்பார்கள், ஐயா சொந்தத்தைப் பார்த்து வைத்தார். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் யாழ்ப்பாணத்தார் இருக்கும்போது ரெஸ்ட் ஹவுஸில் படுத்தெழும்பினால் பிறகு கலியாண வீடுகளில் யாருடைய முகத்தில் முழிப்பது? தம்பின் ஸ்டேஷன் மாஸ்டர் என் சின்னம்மாவின் மகன், சிரம்பானில் இருப்பவர் ஐயாவுக்கு மச்சான் முறை. நல்ல காலம், அந்த இரண்டு இடமும் மைலுக்கும் சரியாக வந்துவிட்டது. மூன்றாம் நாள்தான் வரவில்லை.

திங்கட்கிழமை, சீனப் புத்தாண்டு அன்று, சிரம்பானிலிருந்து நேரே கோலாலம்பூர் என்று ஐயா எழுதி வைத்திருக்கிறார். சரோஜினி வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தாள், நாற்பத்துமூன்று மைல், அதற்குள் மந்தின் மலை வேறு. அவருடைய அச்சுப்போன்ற எழுத்தில் மலை இருக்கிறது, பாலங்கள் இருக்கின்றன, கிணறு உள்ள தேத்தண்ணிக் கடை கூட இருக்கிறது, உன் ஸ்டேஷன் இருக்கும் காஜாங் மட்டும் இல்லை. முத்தலிப் பார்த்துவிட்டு, இருபத்தெட்டாவது மைல்ல ஒங்க மகன் வீடு இருக்கையில எதுக்கு ஐயா இந்த வம்பு என்றார். நாப்பத்திமூண்டும் ஒரு பகலில முடியும் என்று ஐயா வரைபடத்தைச் சுருட்டிவிட்டார். சிரம்பான் மச்சான் வேறு, மூன்றாம் இரவு மகன் வீட்டில்தானே, அதனால் காலைச் சாப்பாடு மட்டும் கட்டித் தருகிறேன் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை ஐயா படித்துவிட்டு மணிக்கூட்டுக்குக் கீழே செருகி வைத்தார், பதில் போடவில்லை.

ஊரில் ஒரு பெண் வீட்டாருக்கு ஐயா வாக்குக் கொடுத்த பிறகு நீ மனோரஞ்சிதத்தைக் கலியாணம் செய்தாய். ஐயா வரவில்லை. நீ எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை, நாலாவதை நீ எழுதவில்லை. இந்த இரண்டு வருஷமும் நான்தான் நடுவில் நின்று உன் கடிதத்தை அவருக்கு வாசித்து, அவர் சுகத்தை உனக்கு எழுதுகிறேன். யார் பக்கம் நியாயம் என்று இப்போது பேச வரவில்லை, பிடிவாதத்தில் நீ அவருடைய மகன் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எனக்குப் பயமாயிருக்கிறது ராசா. அந்த மலையை ஏறி இறங்கி, வெயிலில் வதங்கி, பிள்ளையின் வாசலைப் பார்க்காதது போலக் கடந்து அந்த மனுஷன் இன்னும் பதினைந்து மைல் மிதிக்க முடியுமா? கால் மிதித்தாலும் நெஞ்சு தாங்குமா? வாத்தியார் வேறு, ஏத்தத்துல நாம சைக்கிளைத் தள்ளுவோம், எறக்கத்துல அது நம்மளத் தள்ளும் என்று பகிடி விடுகிறார், எனக்கு அதற்கும் சிரிப்பு வரவில்லை.

நேற்றுப் பின்னேரம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஐயா வரைபடத்தை விரித்து வைத்துப் பென்சில் சீவிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே, காஜாங் ஸ்டேஷன், பெரிய ரோட்டில இருந்து எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்டார். சர்வே கந்தோர் மனுஷன், வரைபடம் கையில், ஜொகூரைத் தாண்டாத என்னைக் கேட்கிறார். எனக்கென்ன தெரியும், வேணுமெண்டால் பொடியனுக்கு எழுதிக் கேக்கிறன் என்றேன். பென்சிலைச் சீவி முடித்தார், முனையைப் பார்த்தார், திரும்பவும் சீவினார். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். மனோரஞ்சிதத்திடம் மூன்று பேருக்கு மீன் இறைச்சி இல்லாமல் மரக்கறிச் சமையலாய் வைக்கச் சொல், முத்தலிப்பும் அதை விருப்பமாய்ச் சாப்பிடுவார். சுடுதண்ணீரும் நல்லெண்ணெயும் எடுத்து வைக்கட்டும். வரச்சொல்லி ஐயாவுக்குக் கடிதம் எழுதாதே, எழுதினால் வரமாட்டேன் என்று பதில் எழுத வேண்டிவரும் அவருக்கு. திங்கட்கிழமை டியூட்டி இருந்தால் இப்போதே மாற்றிக்கொள், பின்னேரம் நாலு மணியிலிருந்து ரோட்டில் பார்வையை வைத்திரு. ஸ்டேஷனுக்கும் ரோட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரமோ எனக்குத் தெரியாது, எவ்வளவானாலும் அதை நீ நட. எண்பத்திரண்டு மைல் அவர் மிதித்து வந்திருப்பார்.

உங்கள் இருவருக்கும் முருகன் ஒரு குறையும் வைக்காமல் காக்கவேண்டும். 20ந் திகதிக்கு முன் எனக்கு ஒரு வரி போடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
இராஜசிங்கம் அன்னம்மா