இருபத்து நான்காவது விண்ணப்பம்

ஜூலை 3, வியாழன்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். அட்டையில் சமூக அறிவியல் என்று எழுதியிருக்கிறேன். சமூக அறிவியல் என்றே நினைத்து இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள். அப்பா கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். என் பெயர் ஹெப்சி. பத்தாம் வகுப்பு.

வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பின்தெரு விசைத்தறி மட்டும் ஓடுகிறது. கண்ணை மூடிக் கேட்டால் அது ஏழாம் வளையத்தின் எஞ்சின் சத்தம். ஏழாம் வளையம் என்பது வியாழக்கிழமை எட்டு மணிக்கு டிவியில் வரும் தொடரில் ஒரு விண்வெளித் துறைமுகம். வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேசவைத்துப் போடுகிறார்கள். பப்ளிக் பரீட்சை வருஷம் என்று எங்கள் டிவிக்கு அப்பா கேபிளை நிறுத்திவிட்டார். நான் அடுத்த தெரு சண்முகசுந்தரி வீட்டுக்குக் கணக்குப் போடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். கணக்கும் போடுவோம். எட்டு மணி வரைக்கும்.

அங்கே பாதுகாப்பு அதிகாரியின் பெயர் இல்மார். மனிதர் இல்லை. திருடனைப் பிடிக்க வாளியாவார், கயிறாவார், கிழவியாவார். நிழல் மட்டும் மாறாது. வாளியாகக் கிடக்கும்போதும் சுவரில் ஒல்லியாக ஒரு ஆளின் நிழல் நிற்கும். தூங்கும்போது மாடிப்படியில் ஒரு படியாகிவிடுவார். மிதிப்பதை வைத்தே இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்.

சுந்தரி இதற்கெல்லாம் அசரமாட்டாள். "எங்க சாமியே பாதி சிவன், பாதி பெருமாள். இதுல என்னட்டி அதிசயம்" என்கிறாள்.

இன்றைக்கு அவருடைய கூட்டத்தார் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கேயோ ஒரு கிரகத்தில் அவர்களெல்லாம் ஒரே காடாக நிற்கிறார்கள். திரும்பிப் போனால் அவரும் அதில் ஒரு மரம். பெயர் கிடையாது. இல்மார் போவாரா, மாட்டாரா? அதோடு முடித்துவிட்டார்கள்.

ஜூலை 4

பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆடு ரொம்ப நேரம் என்னையே பார்த்தது. நிழலைப் பார்த்தேன். ஆட்டு நிழல்தான்.

ஜூலை 5, சனி

என்ன செய்துவிட்டேன் என்று தெரியவில்லை.

அம்மா சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர். ஜெப விண்ணப்பப் பெட்டியில் விழுகிற சீட்டெல்லாம் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நான்தான் நோட்டில் பார்த்து எழுதுவேன். ஞாயிறு காலை போதகர் ஐயா அதை வாசித்து ஜெபிப்பார். இன்று இருபத்து மூன்று சீட்டு. மூட்டுவலி, மகன் வேலை, வரன், கிணற்றில் தண்ணீர். எழுதிக்கொண்டே இருந்தபோது பாதித் தூக்கம். தறிச் சத்தம். கை தானாகவே ஓடியது.

"24. காவல் பணியில் இருக்கும் இல்மார் என்பவரை அவருடைய கூட்டத்தார் திரும்ப அழைக்கிறார்கள். அவர் போகாதிருக்கும்படி."

அடித்தால் தெரியும். தாளைக் கிழித்தால் பின்பக்கமும் போய்விடும். அம்மா வந்து நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

வாசித்துவிட்டார்.

சபை முழுவதும் முழங்காலில் நின்று ஆமென் சொன்னது. நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். கடைசி பெஞ்சில் வெயில் விழுந்த இடத்தில் ஒல்லியாக ஏதோ ஒன்று இருந்தது போல் தெரிந்தது. இவ்வளவு பேர் தனக்காக ஜெபிக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பயத்துக்கு நடுவில் சந்தோஷமாகவும் இருந்தது. அதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

அம்மா காலையில் சாப்பிடவில்லை. கேட்டதற்கு உபவாசம் என்றாள். யாருக்கு என்றேன்.

"அந்த போலீஸ்காரப் பையனுக்குத்தான். பாவம், சாதிசனம் பிடிச்சு இழுக்குதுபோல. கர்த்தரண்ட வந்த பிள்ளையா இருக்கும்."

சுகர் மாத்திரையும் போடவில்லை. வெறும் வயிற்றோடு கரிவலம் பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

இன்றும் உபவாசம். விண்ணப்பம் நிறைவேறினால் சீட்டின் பின்னால் தேதி போட்டு வைப்பது அம்மா வழக்கம். இல்மாரின் சீட்டைத் தேடினாள். காற்றில் பறந்திருக்கும் என்று சொன்னேன். இரண்டாவது பொய்.

ஜூலை 13, ஞாயிறு

ஜெபசுந்தர் சித்தப்பா வந்திருந்தார். ஸ்டேஷனில் விசாரித்தாராம், இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அப்படி ஒரு போலீஸ்காரன் இல்லையாம். சீட்டும் இல்லை, ஆளும் இல்லை, எழுதினது நம்ம பிள்ளை, அப்ப பின்னால எவனோ ஒரு பையன் இருக்கான். இதைச் சொல்லிவிட்டு டீ குடித்தார்.

அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சித்தப்பாவிடம்தான் சொன்னார், "காலாண்டுப் பரீட்சை முடியட்டும். பொறவு வீட்டோட இருக்கட்டும்."

என் கூடப்பிறந்த ஜாய்லின் அக்காவுக்கும் இப்படித்தான் நடந்தது. பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு பையன் கேட்டான், இவள் பதில் சொன்னாள். யாரோ அப்பாவிடம் வந்து சொன்னார்கள். பிளஸ் டூ பாதியில் நின்றது. நாலு மாதத்தில் ராயகிரியில் கட்டிக்கொடுத்தார்கள். அக்கா தாவரவியலில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுப்பாள். இப்போது போனால் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு, காபி குடிக்கியா என்று மட்டும் கேட்கிறாள். ஒரே நாளில் வேறு ஆளாகிவிட்டாள். நிழலைக் கூடப் பார்த்தேன். அக்கா நிழல் மாதிரி இல்லை.

உண்மையைச் சொன்னால் பையன் இல்லை என்று ஆகும். ஆனால் சபையை ஏமாற்றினேன், சுந்தரி வீட்டில் கணக்கு என்று சொன்னது பொய் — இரண்டும் வெளியே வரும். அப்பாவுக்கு ஒன்றே போதும். சொல்லாவிட்டால் அம்மா பட்டினி.

என்ன செய்வேன்?

ஜூலை 16

அம்மா இன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்கும்போது தரையில் கடகடவென்று சத்தம் கேட்டது.

ஜூலை 18, வெள்ளி

அம்மா பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துட்டா. கூட வேலை பார்க்கிற டீச்சர்தான் ஆட்டோவில் கூட்டிட்டு வந்தாங்க. டாக்டர் குளுக்கோஸ் ஏத்திட்டுத் திட்டினாராம். நெத்தியில வீக்கம். நான்தான், நான்தான். கை எழுத வரமாட்டேங்குது.

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன்.

அப்பா உரக்கடைக்குப் போன பிறகு, கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து சொன்னேன். "அம்மா, இல்மாருன்னு யாரும் இல்ல. டிவில வாரவரு."

அம்மா ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கன பாத்த?"

"சுந்தரி வீட்டுல."

"அப்ப பையன் ஒருத்தனும் இல்லியா?"

"இல்லம்மா."

அதைக் கேட்டதும்தான் அழுதாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். "நாலு நாள் பட்டினி கெடந்திருக்கேன்ட்டி, ஒரு டிவிக்காரனுக்கு" என்றாள். சிரிக்கிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை. கஞ்சி கேட்டாள். நான் கொண்டுவந்தேன். பாதி குடித்துவிட்டு, அந்த ஆள் எதற்குப் போகக் கூடாது என்று கேட்டாள். போனால் பெயர் இருக்காது என்றேன். மீதியைக் குடித்து முடித்துக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அம்மா என்னைப் போதகர் ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். நானே சொல்ல வேண்டும் என்றாள். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். இனி ஜெப நோட்டு சபைப் பிள்ளை ஜெஸ்லினிடம் போகும். அவள் எழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும். எனக்கு நன்றாக வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

இன்று நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

அம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டு, பொய் சொல்லிப் பழகின பிள்ளைக்குப் படிப்பு எதற்கு, காலாண்டோடு போதும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். மூன்று பேரும் முழங்காலில். அம்மா முறை. வழக்கம்போல ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து, அக்கா வீட்டுக்காக, மழைக்காக என்று போனவள், அதே குரலில், கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"ஆண்டவரே, ஒரு பிள்ளையை நிப்பாட்டினோம். அப்ப நான் வாயைத் திறக்கல. அந்தப் பாவம் என்மேல இருக்கு. இந்தப் பிள்ளையையும் நிப்பாட்ட எனக்குச் சம்மதம் இல்ல. இவ பொய் சொன்னதுக்கு நீர் என்ன தண்டனையும் கொடும். படிப்புல மட்டும் யாரையும் கைவைக்க விடாதேயும்."

ஜெபத்துக்கு நடுவில் எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது. அப்பாவும் கூடாது. அது அப்பா போட்ட சட்டம். அம்மா முடித்துவிட்டாள். ஆமென் சொல்ல வேண்டியது அப்பா. அவர் சொல்லவில்லை. முழங்கால் வலித்தது. பின்தெருத் தறி ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை, எவ்வளவு நேரமானாலும் இருப்பேன் என்பது மாதிரி.

கடைசியில் சொன்னார். ரொம்ப மெதுவாக.

ஜூலை 22

அப்பா காலையில் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். பள்ளிக்கூடம் போகலாம். சுந்தரி வீட்டுப் பக்கம் காலை வைக்கக் கூடாது.

பள்ளிக்கூடம் போகலாம்!

ஜூலை 24, வியாழன்

எட்டு மணிக்குக் கணக்குப் போட்டேன். நிஜமாகவே. வெளியே கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த ராட்டினத்தை இறக்குகிற சத்தம். வளையம் ஒன்றைத் துண்டு துண்டாக லாரியிலிருந்து இறக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 31, வியாழன்

இன்றோடு தொடர் முடிகிறது. ஒன்றரை மணி நேரம் போடுகிறார்களாம். சுந்தரி பள்ளிக்கூடத்தில் சொன்னாள். இல்மார் போகிறாரா இல்லையா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும், நாளைக்கு வந்து ஒன்று விடாமல் சொல்லுதேன் என்றாள். நாளை வரை எப்படி இருப்பது?

ஏழு மணிக்கே அம்மா குடும்ப ஜெபத்தை முடித்துவிட்டாள். பிறகு அடுக்களையில் ஒரு தூக்குவாளியைக் கழுவித் துடைத்தாள். அது எங்கள் தூக்குவாளிதான், எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு, "சுந்தரி வீட்டுப் பாத்திரம் ஒண்ணு ரொம்ப நாளா இங்கன கெடக்கு, கொடுத்துட்டு வாரேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டரைக்கு அப்பா இன்னும் காணோமே என்றார். ஒன்பதுக்கு மறுபடி கேட்டார். பிறகு படுத்துவிட்டார். மணி ஒன்பதே முக்கால். போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா அங்கே அவர்கள் வீட்டுப் பாயில் எப்படி உட்கார்ந்திருப்பாள்? வாளியை மடியில் வைத்துக்கொண்டா? டிவியில் யார் இல்மார் என்று அவளுக்கு யார் காட்டுவார்கள்? அவர் உருவம் மாறிக்கொண்டே

கேட் சத்தம் கேட்கிறது. அம்மாதான். தண்ணீர் குடிக்கிறாள். நேராகப் படுக்கப் போவாள் என்று நினைத்தேன், இல்லை, இந்தப் பக்கம்தான் — கதவை மெதுவாகத் தட்டுகி