ஆள் அனுப்பும் ஆண்டவரே

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் அம்மாவும் சுகம். நீயும் ஆஸ்பத்திரி வேலையும் விடுதிச் சாப்பாடுமாக எப்படியோ சமாளித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிக்கலாம். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அவள் நின்றால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறேன். நீயானால் "என்னப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அதனால்தான் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசலில் மூன்று ஃபிரிட்ஜ் நிற்கிறது. ஒன்றுக்கு காலையில்தான் கேஸ் ஏற்றினேன், ஒன்றுக்கு கம்ப்ரஸர் போய்விட்டது. மூன்றாவதில் ஒரு கோளாறும் இல்லை, அவர்கள் வீட்டு பிளக் பாயின்ட்தான் பழுது. அதைச் சொன்னால் நான் வேலை தெரியாதவன் என்று நினைக்கிறார்கள்.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். அந்தக் குளிர் நாட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு பிசியோதெரபிஸ்ட் வேண்டும், ஏழு வருஷம் இருக்க வேண்டும், நடுவில் ஒரே ஒரு முறைதான் ஊருக்கு வர லீவு, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் புரிந்தது. அங்கே கால் முறிந்தவர்கள், நடக்கப் பழக்கிவிட ஆளில்லாமல் ஆயுசு முழுக்கப் படுத்தே கிடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதுவும் புரிந்தது. கடைசியில், "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. போன்னா போறேன், இருன்னா இருக்கேன்" என்று முடித்திருந்தாய். நல்ல பிள்ளைதான் நீ. ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து என் தலையில் கட்டிவிட்டாயே!

இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிவில், ஜெப விண்ணப்பம் இருந்தால் சொல்லலாம் என்றார் பாஸ்டர். எழுந்து நின்றேன். மகளை வெளிநாட்டு ஊழியத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், தேவ சித்தம் என்னவென்று தெரிய ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவ்வளவுதான். பிறகு யாராவது ஓரமாகக் கூப்பிட்டு, ஒரே பிள்ளையாயிற்றே, யோசித்துச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டார்களா என்று எனக்குள் ஒரு நப்பாசை. பாஸ்டர் மைக்கைப் பிடித்து, நம் சபையிலிருந்து முதல் மிஷனரி புறப்படுகிறார் என்று அறிவித்துவிட்டார். ஒரே கைதட்டல். கொயர் மாஸ்டர் ஓடிப்போய் ஆர்கனில் உட்கார்ந்துவிட்டார். நம் ஆட்களுக்கு தேவ சித்தம் என்றாலே புறப்படுவதுதான். வீட்டில் இருப்பதும் தேவ சித்தமாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நின்ற இடத்தில் நானும் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவைத்தேன்.

மறுநாளிலிருந்து சாமான் வர ஆரம்பித்தது. கொயர் மாஸ்டர் சக்கரம் வைத்த ஒரு மஞ்சள் பெட்டி கொண்டுவந்தார். ஞாயிறு பள்ளி டீச்சர் தடித்த காலுறைகள் தந்தார். யாரோ ஒரு புண்ணியவதி இருமல் மருந்துகூடக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பெட்டி ஹாலில்தான் நிற்கிறது. அம்மா அதைத் தொடுவதில்லை. அதைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போகிறாள்.

அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உனக்குத்தான் தெரியுமே, புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மிஷனரிகளுக்காக ஜெபிப்பது எப்போதும் நான்தான். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில், "அறுவடைக்கு ஆள் அனுப்பும் ஆண்டவரே" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பாயே! அதைத்தான் அம்மா இப்போது பிடித்துக்கொண்டாள். "வாராவாரம் ஆள் அனுப்பும், ஆள் அனுப்பும்னு கேட்டீங்களே, யார் வீட்டுப் பிள்ளையை அனுப்புவாருன்னு நினைச்சீங்க? பக்கத்து வீட்டுப் பிள்ளையையா?" என்று கேட்டாள். நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

பாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது, ஆண்டவர் கேட்டார் என்று ஒரே மகனைப் பலிபீடத்தில் வைக்கத் துணிந்த பைபிள் தகப்பனைப் பற்றிப் பேசினார். மனிதர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அம்மா காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அந்தப் பையனோட அம்மாகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா ஐயா?" என்றாள். பாவம், பாஸ்டர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அங்கே குளிர் எவ்வளவு என்று கேட்டாள். மைனஸ் இருபது வரை போகுமாம் என்றேன். அப்படியென்றால் எவ்வளவு என்றாள். எனக்குத் தெரிந்த கணக்கில்தானே சொல்ல முடியும்? நம் வீட்டு ஃபிரீசர் மைனஸ் பதினெட்டு, அதைவிடக் கொஞ்சம் கூட என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், ஃபிரீசர் கதவைத் திறந்து கையை முழங்கை வரை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறாள். "கதவைச் சாத்து, கம்ப்ரஸர் போயிடும்" என்று சத்தம் போட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்தது அதுதான், பார்த்துக்கொள். அவள் திரும்பாமலே, "இந்தக் குளிர்ல அவ எப்படி இன்னொருத்தர் காலைப் பிடிச்சு நடக்க வைப்பா?" என்றாள். அவளாகவே கேட்டுக்கொண்டாள், என்னிடம் இல்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். விரல்கள் சிவந்துபோயிருந்தன.

நேற்று புதன். வழக்கம்போல என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். "அறுவடைக்கு" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சபை அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று எழுப்பிய சத்தத்தில் கூரை பறக்காததுதான் பாக்கி. பின்வரிசை டெய்லர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். வேறென்ன செய்வது?

இன்று காலை அந்த ஃபிரிட்ஜுக்கு கேஸ் ஏற்றிவிட்டு, குளிர்கிறதா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். தினம் செய்கிற வேலைதான். எடுக்க மறந்து நின்றுவிட்டேன். ஃபிரிட்ஜின் சொந்தக்காரர், "என்ன மாஸ்டர், கூலிங் வரலையா?" என்று கேட்டார். நல்லாவே வருது என்றேன்.

கண்ணு, எனக்குப் பயமாக இருக்கிறது. போகாதே என்று எழுதினால், ஆண்டவரிடம் ஆள் கேட்டுவிட்டு, அவர் கைகாட்டிய ஆளை வீட்டுக்குள் ஒளித்துவைத்தவன் ஆவேன். நடக்கக் காத்திருக்கிற அந்த ஜனங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? போ என்று எழுதவோ கை வரமாட்டேன் என்கிறது. உன்னிடம் பேசியதாகச் சொல்கிறாயே, அந்த ஆண்டவர் என்னிடம் இதுவரை ஒன்றும் பேசவில்லை. நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதனால் அந்த வார்த்தையை என்னிடம் கேட்காதே கண்ணு. நீயே முடிவெடு. போனால் அப்பா அனுப்பினார் என்று சொல்லாதே. இருந்தால் அப்பா தடுத்தார் என்றும் சொல்லாதே. இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை. எதுவானாலும் முதலில் அம்மாவுக்குச் சொல். சபைக்குக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம், பெட்டியை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற கவலை என்னோடு இருக்கட்டும்.

நாங்கள் கூட இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் ஆண்டவர் உன் பக்கத்தில் இருப்பாராக. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அம்மா சாப்பாடு கொண்டுவந்தாள். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. உன்னை ஒரு வெள்ளைத்தாளில் கையை வைத்து, விரலை நன்றாக விரித்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பச் சொல்கிறாள். கையுறை பின்ன அளவாம். கடையிலேயே கிடைக்கும் என்றேன், காதில் வாங்கவில்லை. அவளுக்குப் பின்னத் தெரியாது என்பது உனக்கும் தெரியும். இருந்தாலும் வரைந்து அனுப்பு. இரண்டு கையையும்.