தங்கப்பல் தெரிகிற படம்

மார்ச் 3

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு கோழை. அரபியின் ‘ளாத்’ எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்பதில் இரண்டு கட்சி. நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பல்லில் பட வேண்டும் என்பது பழைய இலக்கண அறிஞர்கள் கட்சி. நுனிநாக்கு முன்பல்லுக்குப் பின்னால் படுகிறது என்பது இன்றைய ஒலியியல்காரர்கள் பலரின் கட்சி. “கட்டுரையில ரெண்டையும் போட்டா ரெண்டு பக்கமும் அடி விழும். ஒண்ணை எடுத்துடும்மா” என்கிறார்.

எடுக்க மாட்டேன்.

மார்ச் 9

கரிப்பொடியை எண்ணெயில் குழைத்து நாக்கில் தடவி, அந்த எழுத்து வரும் ஒரே ஒரு சொல்லைச் சொல்லவைத்து, மேலண்ணத்தில் கரி ஒட்டிய இடத்தைக் கண்ணாடி வைத்துப் படமெடுப்போம். இன்று வந்தவர் அரபுப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லித்தரும் அக்கா. “இந்த வாயோட போனா ஒரு புள்ள வகுப்புல உக்காராது!” என்று சிரித்தார். கரி முன்பல்லுக்குப் பின்னால்தான் ஒட்டியிருந்தது.

அடையாளம் வெளியே வராது என்று எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 22

கட்டுரை வந்துவிட்டது. இரண்டு கட்சியும் இருக்கிறது.

ஏப்ரல் 30

பள்ளி நிர்வாகி போன் செய்தார். “நாக்கோரம் கடைவாய்ப் பல்லுல படணும். இவங்க பதினோரு வருஷமா தப்பா ஓதிக் கொடுத்திருக்காங்க. நீங்கதான் படம் போட்டுக் காட்டினீங்க. ரொம்ப நன்றி.”

பெயரே போடவில்லையே என்றேன்.

“அந்தத் தங்கப்பல்ல எங்களுக்குத் தெரியாதா?”

படத்தைத் திறந்தேன். வலது ஓரத்தில் பளபளவென்று இருக்கிறது. நான் கரியை மட்டுமே பார்த்திருக்கிறேன். படத்திலிருந்து பல்லை வெட்டி நீக்கவில்லை. ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்?

மே 2

சாரிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். “எழுதிக் கொடுத்ததை நீ மீறிட்டன்னு தெரிஞ்சா உன் பட்டம் போச்சு. பதினெட்டாம் தேதி வாய்மொழித் தேர்வு. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே.”

நாலு வருஷம். சரி என்று தலையாட்டினேன்.

மே 6

அக்காவுக்கு வேலை போய்விட்டது. துறை வாசலில் நிற்பதாகக் காவலாளி சொன்னார். பின்படியில் இறங்கி ஓடினேன். ஒரு செருப்பு கழன்றது. எடுக்கவில்லை.

மே 11

போன் அடித்தாலே உடம்பு தூக்கிப் போடுகிறது.

மே 18

தேறிவிட்டேன். சார் கைகுலுக்கினார். பூச்செண்டோடு பின்படியில் இறங்கினால், கீழ்ப்படியில் அக்கா.

“வேற எதுவும் வேணாம் தங்கச்சி. அந்த எழுத்தை நான் சொல்ற விதத்தையும் படிச்சவங்க ஒத்துக்கிறாங்கன்னு ஒரு வரி. உன் கட்டுரையில இருக்கறதுதானே? கையெழுத்துப் போட்டுக் குடு.”

பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார். நான் மாடியைப் பார்த்தேன். சன்னலில் சார்.

“அங்க என்ன பாக்குற? எழுதுடி!”