பச்சைத் திரைக்குப் பின்னால் குத்துச்சண்டை

அன்புள்ள மாமி,

இன்று காலை உங்கள் மகள் ரிஸ்னா குசினி வாசலில் தொங்கிய பச்சைத் திரையைக் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டாள். நான் கடைக்குப் புறப்பட்டு முற்றத்துக்கு வந்தபோது அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு சவர்க்காரம் போட்டும் நீங்கள் பொரித்த கருவாட்டின் வாசம் அதை விட்டுப் போகவில்லை. நடுவில் அந்த ஓட்டை. அதன் வழியாகச் சுவரில் ஒரு பொட்டு வெயில் விழுந்து, திரை ஆட ஆட அதுவும் ஆடியது.

எலி கடித்த ஓட்டை என்று கடைசிவரை சாதித்தீர்கள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார எலி. கதிரை போட்டு உட்கார்ந்து, உட்கார்ந்த ஆளின் கண்ணுக்கு நேரே, கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி வட்டமாகக் கடித்திருந்தது. இதைத் தைத்து மூடிவிடவா என்று ரிஸ்னா கேட்டாள். கையை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றேன். அப்படிப் பேசியதற்கு நீங்கள் இருந்திருந்தால் எனக்கு ஏச்சுக் கிடைத்திருக்கும்.

நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெண் பிறந்த வீட்டிலேயே இருக்க, கட்டியவன் அங்கே வந்து குடியேறுவது நம்மிடையே வழக்கம்தானே. பன்விலயில் வாப்பாவின் கடையையும் தேயிலைக் கொழுந்து லொறிகளின் சத்தத்தையும் விட்டுவிட்டுக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ஒரு கையில் உடுப்புப் பை, மறு கையில் பெரிய அட்டைப் பெட்டி. மாப்பிள்ளை பெண்ணுக்கு ஏதோ பெரிதாகக் கொண்டுவருகிறார் என்று தெருவே எட்டிப் பார்த்ததாம். பெட்டிக்குள் இருந்தது டிவியில் பூட்டி ஆடும் பழைய விளையாட்டு மெஷின் ஒன்றும் ஒரு குத்துச்சண்டைக் கெசட்டும். ரிஸ்னா திறந்து பார்த்துவிட்டு என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்களை நான் பார்க்கவேயில்லை. பார்க்க விட்டால்தானே. மருமகனுக்கு முன்னால் மாமியார் நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது உங்கள் உம்மா காலத்து வழமை. அப்படியொரு தடை மார்க்கத்தில் இல்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொல்லியனுப்பினார். "மார்க்கம் விட்டாலும் வெக்கம் விடுதில்லியே" என்று திரைக்குப் பின்னாலிருந்து நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது, ரிஸ்னாவிடம் சொன்னதாக இருந்தாலும். மாமா என் கலியாணத்துக்கு முன்பே மவுத்தாகிவிட்டார். அதனால் வீட்டில் நாம் மூன்றே பேர். அதில் ஒருவர் எனக்கு வளையல் சத்தமும் கருவாட்டு வாசமும் மட்டும்தான்.

காலையில் மேசைக்கு இடியப்பம், சம்பல், அதன்மேல் இரண்டு பொரித்த முட்டை வரும். மாப்பிள்ளை முட்டை. ரிஸ்னாவுக்கு முட்டை கிடையாது, உங்களுக்கும் கிடையாது. நான் ஒரு கோப்பையைக் கழுவப் போனால் திரைக்குப் பின்னால் யாருக்கோ மூச்சு நின்றுவிடும். தண்ணீர் வாளியைத் தொட்டால் ரிஸ்னா ஓடி வந்து பறிப்பாள். மரியாதையாலேயே ஓர் ஆளைத் தனிமைப்படுத்த முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பன்விலயில் உம்மா என்னை ஏசாத நாளில்லை. இங்கே என்னை ஏச யாருமில்லையே என்று எனக்கு அழுகையே வந்தது, மாமி. இந்த வீட்டில் ஒருவர் என்னை முகத்துக்கு நேரே ஏசிவிட்டால் போதும், நானும் வீட்டு ஆள் என்று நிம்மதியாக இருப்பேன் என்று நினைத்தேன்.

பொழுது போகாமல்தான் மெஷினைப் போட்டேன். விளையாட்டு இவ்வளவுதான்: நம் ஆள் குள்ளம். எதிரே வருகிறவர்கள் கதவளவு. பலத்தைக் காட்டி வெல்ல வழியே இல்லை. ஆனால் ஒவ்வொருவனும் குத்துவதற்கு முன் ஏதாவது ஓர் அடையாளம் காட்டுவான். ஒருவன் மீசையைத் தடவுவான், ஒருவன் காற்சட்டையை இழுத்துவிடுவான், ஒருவன் சிரிப்பான். அதைக் கண்ட கையோடு விலகவோ குனியவோ வேண்டும், உடனே திருப்பிக் குத்த வேண்டும். கண்டபடி குத்திக்கொண்டிருந்தால் நம் ஆளுக்கு மூச்சு வாங்கி, நிறம் மாறி, கையைத் தூக்க முடியாமல் நிற்பான். நான் பெரும்பாலும் நிறம் மாறித்தான் நின்றேன்.

ஒரு நாள் மீசைக்காரனிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தேன். ரிஸ்னா குசினியிலிருந்து கண்ணீரும் கத்தியுமாக, பாதி வெங்காயத்தோடு வந்தாள்.

"உம்மா சொல்ற, மீசைய எடது கையால தடவினா வலதால குத்துவானாம். நீங்க மாறி விலகுறீங்களாம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் தரையில். நடுவர் எட்டு வரை எண்ணிவிட்டார். ஆனால் அடுத்த முறை பார்த்தேன், நீங்கள் சொன்னது அச்சொட்டாகச் சரி. மீசைக்காரன் அன்றே விழுந்தான். எலி திரையைக் கடித்ததும் ஏறத்தாழ அதே வாரம்தான்.

அதன்பிறகு ரிஸ்னாவின் பிழைப்பு நாய்ப்பிழைப்பு ஆனது. நீங்கள் சொல்வீர்கள், அவள் வாசலுக்கு வந்து சொல்வாள், நான் அதற்குள் விழுந்திருப்பேன். நான் கேள்வி கேட்பேன், அவள் உள்ளே போவாள், பருப்பு அடிப்பிடிக்கும். போதாததற்கு அவள் தன் பங்குக்கும் சேர்த்துச் சொல்வாள். காற்சட்டைக்காரன் வரும்போது பொறுமையாக இருக்கச் சொன்னீர்கள். அது என்னிடம் வந்து சேர்ந்தபோது "பொறுமையா இருக்கவாம், கடையால வரக்குள்ள தேங்காயும் வாங்கவாம்" என்று ஆகியிருந்தது.

எனக்குத் தெரிந்த வரலாற்றையும் அவள் வழியாகவே உங்களுக்கு அனுப்பினேன். இந்த விளையாட்டு முதலில் வெளிநாட்டுக் கடைகளில், காசு போட்டு ஆடும் மெஷினில் வந்தது. அதில் நம் ஆளை வெறும் பச்சைக் கோடுகளால் கம்பிக்கூடு மாதிரி வரைந்திருந்தார்கள், அவன் ஊடாக எதிராளி தெரிய வேண்டும் என்று. அதைக் கேட்டதும் நீங்கள் மகிழ்ந்துபோனீர்களாம். மறைவும் வேணும், தெரியவும் வேணும், அதுதான் முறை என்றீர்களாம். பிறகு வீட்டு மெஷினுக்கு வந்தபோது கடைசி எதிராளிக்கு உண்மையான வீரர் ஒருவரின் முகத்தைப் போட்டார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் வேறு முகத்தை மாற்றினார்கள் என்றேன். மாப்பிள்ளையை அப்படி மாத்த ஏலாதே என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கையை வீசினால் டிவியில் இருப்பவனும் கையை வீசுகிற மெஷின் வெகுகாலம் கழித்து வந்ததைச் சொன்னபோது மட்டும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. குடும்பப் பெண் கையை வீசி ஆடுவதா என்றீர்கள். அந்த நேரம் திரை கிடுகிடுவென்று ஆடியதை நான் கண்டுகொள்ளவில்லை.

ஆளாளாக விழுத்தி, கடைசிச் சாம்பியனிடம் வந்து சேர்ந்தோம். நாம் அவனுக்கு வைத்த பெயர் பெரியவன். அவனிடம் எந்த அடையாளமும் இல்லை என்று நான் கையை விரித்தேன். இருக்கிறது, இடது கால் சப்பாத்தின் நுனி கொஞ்சம் திரும்பும் என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அந்த ஓட்டை வழியாக அது எப்படித் தெரிந்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

அந்த மழை பெய்த பின்னேரத்தில் ரிஸ்னா வேலைநிறுத்தம் செய்தாள். "நான் என்ன தபால்காரியா? மாமியும் மருமகனும் என்னத்தையும் பேசிக்கங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியவனோ இரண்டு தடவை விழுந்து எழும்பி, தள்ளாடிக்கொண்டு நிற்கிறான். இன்னும் ஒரு தடவை விழுத்தினால் போதும். உங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் குளிர்சாதனப் பெட்டியிடம் பேசினீர்கள்: "இந்த நேரம் ஒரு ஆள் கவனமா ஈக்கோணும்." பிறகு பூனையிடம்: "சப்பாத்தப் பாக்கச் சொல்லு." பூனை எழுந்து போய்விட்டது. சப்பாத்து நுனி திரும்பியது.

"குனிங்க மருமகன்!"

நான் குனிந்தேன், மாமி. முழு உடம்போடு, தலையைக் காலுக்கிடையில் புகுத்தி, கதிரையிலிருந்து கீழே சரியும் அளவுக்குக் குனிந்தேன். இந்த வீட்டில் நீங்கள் எனக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை அது. வேறு என்ன செய்வேன்? பொத்தானை அமுக்க மறந்துவிட்டேன். பெரியவன் நம் ஆளைத் தூக்கி எறிந்தான். அதே நேரம் நீங்கள் பிடித்துத் தொங்கிய வேகத்தில் திரை தடியோடு கழன்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், தலையில் பாதிப் பச்சைத் துணியும் இரண்டு கையிலும் இறுகிய முட்டியுமாக ஒரு குள்ளமான பொம்பிளை நிற்கிறார். முகமெல்லாம் கோபம்.

"ஒங்களையா குனியச் சொன்ன? அவனத்தானே சொன்ன! கையில ஈக்கிறது பொத்தானா, பாக்குவெட்டியா?"

வயிறு நிறைந்துவிட்டது எனக்கு. பிறகுதான் உங்களுக்கு நிலைமை விளங்கியது. துணியை முகத்தில் இழுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடிப் போனீர்கள். அடுத்த நாள் காலை மேசையில் ஒரே ஒரு முட்டை. அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. ரிஸ்னா சங்கடப்பட்டாள். நான் வெறும் சம்பலோடு இடியப்பத்தைத் தின்றுவிட்டுச் சீட்டி அடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்த வாரமே என்னை மீன் வாங்க அனுப்பினீர்கள், வாங்கி வந்த மீனைப் பார்த்து என் கண்ணில் கோளாறா என்று கேட்டீர்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தீர்கள், வாய்விட்டுச் சொல்லாமலே. மெஷின் ஓடும்போது மட்டும்தான் நேரே பேச்சு, அதுவும் டிவியைப் பார்த்தபடி. நிறுத்தினால் திரைக்குப் பின்னால் போய்விடுவீர்கள். அதனால் இந்த வீட்டின் பெரிய விஷயங்கள் எல்லாம் குத்துச்சண்டைக்கு நடுவில்தான் முடிவாயின. "மெஷினப் போடுங்க மருமகன், ஒரு விசயம் பேசோணும்" என்பீர்கள். கூரை ஓடு மாற்றியது மீசைக்காரனோடு. உங்கள் முழங்கால் வைத்தியம் காற்சட்டைக்காரனோடு. ரிஸ்னாவின் வயிற்றில் எங்கள் முதல் பிள்ளை தங்காமல் போனபோது நீங்கள் எனக்கு ஆறுதல் சொன்னது பெரியவனோடு. அன்று நான் ஒரு பொத்தானும் அமுக்கவில்லை. நம் ஆள் அடிமேல் அடி வாங்கினான், நீங்களும் அவனை விலகச் சொல்லவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்தபோது என்னைக் கண்டதும் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டீர்கள். வார்டில் மெஷினுக்கு எங்கே போவது? போனில் பதிந்து வைத்திருந்த விளையாட்டு மணிச் சத்தத்தை மெதுவாகப் போட்டேன். டிங் என்றதும் முந்தானை இறங்கியது. வார்ட் நர்ஸ் மிஸ்ஸி திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"பெரியவன் விழுந்தானா?" என்று கேட்டீர்கள்.

இன்னும் இல்லை என்றேன்.

"நல்லம். நான் இல்லாம அவன விழுத்தப் போவாதீங்க."

உங்கள் ஜனாஸாவை அடக்கம் செய்த மறுநாள் காலை, சமைக்க வந்திருந்த ரிஸ்னாவின் சாச்சி எனக்கு இடியப்பத்தின்மேல் இரண்டு முட்டை பொரித்து வைத்தார். அதுவரை தாங்கிக்கொண்டிருந்தவன் அந்த முட்டையைப் பார்த்ததும் விம்மி விம்மி அழுதேன். முட்டையில் உப்பு கூடிவிட்டதோ என்று சாச்சி பயந்துபோனார்.

இன்று பின்னேரம் கடையிலிருந்து வந்ததும் காய்ந்த திரையை நானே மாட்டினேன். தடி இப்போது இரும்பு, உங்கள் புண்ணியத்தில். மெஷினைப் போட்டேன். பெரியவன் இரண்டு தடவை விழுந்து எழும்பினான். அன்று போலவே தள்ளாடினான். நீங்கள் போன பிறகு இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை. விழுத்தலாமா கூடாதா என்று யோசிக்கும்போதே இடது சப்பாத்தின் நுனி திரும்பியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் குனிந்தேன் மாமி, முழு உடம்போடு, கதிரையிலிருந்து சரிந்து விழும்படி. பொத்தான் அமுக்கப்படாமல் பொத்தானாகவே இருந்தது.

நடுவர் நம் ஆளுக்குப் பத்து வரை எண்ணி முடித்தார். தரையில் கிடந்தபடி திரும்பிப் பார்த்தேன். ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. வெங்காயம் வெட்டிச் சிவந்த கண்.

"ஒங்களையா குனியச் சொன்ன?" என்று ரிஸ்னா கேட்டாள்.

பெரியவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறான், மாமி.

உங்கள் மருமகன்