உம்றா ஊசி

ஜூன் 12, வியாழன்
ரிஸ்மாவின் பள்ளியில் அம்மாக்களை அழைத்துப் பேசியிருக்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி. பதினைந்து வயதுக்குள் தொடங்கினால் இரண்டு தவணை போதும். தங்கைக்கு ஆகஸ்டில் பதினைந்து.
உம்மா வந்ததும், "கெட்டிக் குடுக்காத பிள்ளைக்கு இந்த ஊசி எதுக்குட்டி?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் மீன் கழுவப் போனாள்.

ஜூன் 15
வாசித்ததையெல்லாம் சொன்னேன். பிள்ளை பிறக்காது என்று வாட்ஸப்பில் வந்தது பொய் என்பதையும். உம்மா எதையும் மறுக்கவில்லை. நம்பாதவர்கள் மறுப்பார்கள் அல்லவா?

ஜூன் 18
தஸ்ரின் சாச்சி, உம்மாவின் தங்கை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் கடைசிவரை கூட இருந்தது உம்மாதான். ஊரில் சொன்னது, வயிற்றில் கட்டி. உண்மையில் எதில் போனாள் என்று இன்று கேட்டேன்.
"இதுலதாம்ட்டி. வெளிய சொல்லிராத. மாப்பிள கடலுக்கு அங்கிட்டு கெடக்கும்போ இவளுக்கு எப்பிடி வந்ததுண்ணு கேப்பாவ. இப்ப ரிஸ்மாக்குப் போட்டா, எதுக்குண்ணு தோண்டுவாவ."
உடலுறவில் தொற்றும் வைரஸ்; சாச்சாவிடமிருந்தே வந்திருக்கலாம். அவரை யாரும் கேட்கப் போவதில்லை. செத்தவளின் பெயரைக் காப்பாற்ற உயிரோடு இருப்பவளை — வேண்டாம், எழுதவில்லை.

ஜூன் 27
சோறு தின்னும்போது உம்மா, தனக்குத்தானே: "போன வருசம் நானும் எதிர்வீட்டு மாமியும் மக்காவுக்கு உம்றா போவ ஊசி போட்டம்லா. ஒருத்தியும் எதுக்குண்ணு கேக்கல்லியே."

ஜூலை 3
நாகர்கோவிலில் முதல் தவணை போட்டாயிற்று. எதிர்வீட்டு மாமி ரிஸ்மாவின் கையைப் பார்த்துக் கேட்டாள். "உம்றாவுக்குள்ள ஊசி" என்றாள் உம்மா, கண் இமைக்காமல்.

ஜூலை 20
கஅபாவைப் பார்த்ததும் தனக்காக துஆ கேட்கும்படி மாமி ரிஸ்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பேச்சு சவூதி வரை போய்விட்டது. தம்மாமிலிருந்து வாப்பா போனில்: "எனக்குத் தெரியாம எந்தப் பிளேன்ல போறிய?"

ஆகஸ்ட் 10, ஞாயிறு
பூசை முடிந்து அடுத்த வீட்டு பெர்லின் அக்கா வந்தாள்.
"மைமூனக்கா, எனக்க மவ லீமாவ வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போறேன். அந்த உம்றா ஊசி எங்க போட்டிய?"
"வேளாங்கண்ணிக்குப் போக ஊசி கேப்பாவளா?"
"இந்த வருசம் நீங்க யாரும் போடாம ரிஸ்மாக்கு மட்டும் போட்டியல்லா. அது மாதிரிதான்."
உம்மா சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
"எனக்க தங்கச்சி தஸ்ரின் செத்தது வயித்துக் கட்டில இல்ல, பெர்லின்."
மாமி வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. உம்மா குரலைத் தாழ்த்தவில்லை.