கண்ணுச்சாமி அண்ணாச்சிக்குக் கஞ்சி

ஸ்ரீவில்லிபுத்தூர்
3-8-1936

கர்த்தருக்குள் பிரியமான அன்னாள் அக்காவுக்கு,

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது: நம் வெள்ளாடு என் சரித்திரப் புத்தகத்தில் பாதியைத் தின்றுவிட்டது. பரீட்சைக்கு அதையே அனுப்பலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஒன்னவிட அந்த ஆடு தேவலைலே" என்றாள்.

அடுத்து, நீ ஒப்படைத்துப் போன ஊழியம். உலையில் போடுமுன் கோயிலுக்கென்று எடுத்துவைக்கிற பிடி அரிசியில் அம்மா கஞ்சி காய்ச்சித் தருகிறாள். சயரோகத்துக்குப் பயந்து வண்டிக்காரர் கண்ணுச்சாமி அண்ணாச்சி குடிசைப் பக்கம் ஒரு ஈ காக்கை போவதில்லை. நான் போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை கதை சொல்கிறேன். நேற்று நம் போதகர் தும்முவதைச் செய்துகாட்டினேன். சிரித்துச் சிரித்து இருமினார்.

என் பேரில் பாதி ஜெபம், பாதி துரை. ஜெபத்தை நீ பார்த்துக்கொள், துரையாக நான் இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
வீரன் ஜெபதுரை


ராஜபாளையம்
9-8-1936

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். இங்கே பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்தேன். ஏசம்மாள் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கஞ்சி யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். பெண்டாட்டி பிள்ளையே விட்டுப்போன மனுஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருவதுதான் பெரிது. அவர் இருமும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள். இருபத்திரண்டாம் தேதி வருகிறேன். இருவருமாய்ப் போய்ப் பார்ப்போம்.

உன் அக்காள்,
அன்னாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17-8-1936

அக்கா,

கண்ணுச்சாமி அண்ணாச்சி நேற்று விடியற்காலை இறந்துபோனார். வண்டிக்காரர்கள் நாலு பேர் தூக்கிப் போனார்கள். நம் ஜேசுதாசன் உபதேசியாரும் கூடப் போனார். திரும்பி வந்து, எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டார். முந்தாநாள் அவர் பார்க்கப் போனபோது அண்ணாச்சி சொன்னாராம்: "அந்தப் பொடியன் தெனமும் பக்கத்துல உக்காந்து பேசிட்டுத்தான் போவான்."

அக்கா, நான் ஒருநாளும் உட்காரவில்லை. வாசல் கல்லில் தூக்குவாளியை வைத்து, "அண்ணாச்சி, கஞ்சி" என்று கத்திவிட்டு ஓடிவந்துவிடுவேன். அவர் தவழ்ந்து வந்து எடுத்துக்கொள்வார். போதகர் தும்மியதை நம் கிணற்றடியில் தனியாகத்தான் செய்துபார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை நான் ஓடும்போது, "ஏலே, செத்த நேரம் இருந்துட்டுப் போ. தள்ளியே நில்லு" என்றார். காதில் விழாததுபோல் வந்துவிட்டேன்.

உனக்கு நான் எழுதியது அவருக்குத் தெரியாது. ஆனாலும் நான் சொன்ன பொய்யையே அவரும் சொல்லியிருக்கிறார், எனக்காக.

உபதேசியாரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. ஏசம்மாள் டீச்சருக்கும் மற்றவர்களுக்கும் இதையும் வாசித்துக் காட்டிவிடு.

ஜெபதுரை