காலை ஆறு மணிக்கு ஒரு ரிங்

என் அருமை அண்ணனுக்கு,

உன் போனுக்கு இந்த மாதமும் ரீசார்ஜ் செய்துவிட்டேன். உன் மாப்பிள்ளை திட்டினார். "மச்சானே போயிட்டாரு, அவரு போனுக்கு எதுக்கு ரீசார்ஜு?" என்றார். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத்தான் தெரியுமே. அதனால்தான் எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் உனக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. 'இளைஞர்களின் வழிகாட்டியே' என்று போட்டு, கீழே உன் படத்தை விடப் பெரிதாகச் சித்தப்பா தன் படத்தைப் போட்டிருக்கிறார். "கல்யாணம் பண்ணத் துப்பில்ல, ஊரான் புள்ளைங்கள மேய்க்கிறான்" என்று நீ இருந்தபோது சொன்ன அதே சித்தப்பாதான். ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜெராக்ஸ் கடை மாடியில், படிப்பை விட்ட பிள்ளைகளை நீ பயிற்சிகளில் சேர்த்துவிட்ட உன் ஆபீஸ் அறையைப் பூட்டிவிட்டார்கள். உன் இடத்துக்கு ஆள் போடவில்லை, போடவும் மாட்டார்களாம். போன வாரம் மைதானத்தில் வேலைவாய்ப்பு முகாம் நடந்தது. பந்தல், மைக், பொன்னாடை எல்லாம் இருந்தது. நீ எப்போதும் உள்ளே போகாமல், வெளியே வருகிற வழியில் நிற்பாய். வேலை கிடைக்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் "சாப்ட்டியா?" என்று கேட்பாய். "ஏன் படிப்ப விட்ட?" என்று மட்டும் கேட்க மாட்டாய். இந்த முறை அந்த வழியில் கரும்பு ஜூஸ் வண்டி நின்றது.

அந்த ரிங் விஷயத்தை முதன்முதலில் நீ எனக்குச் சொன்னபோது நான் சிரித்தேன். "பள்ளிக்கூடத்த விட்டதும் இதுங்களுக்கு மொதல்ல போறது காலை நேரம்தான் மல்லி. பதினோரு மணிக்கு எழுந்தா பாதித் திட்டு கொறையும்னு படுத்தே கெடக்குதுங்க" என்றாய். அதனால், அந்தப் பிள்ளைகள் எழுந்ததும் ஆறு மணிக்கு உன் போனுக்கு ஒரு ரிங் கொடுத்துவிட்டு அவர்களே கட் பண்ண வேண்டும். நீ எடுக்கக் கூடாது.

"படுத்துக்கிட்டே ரிங் குடுக்க முடியாதா?" என்று கேட்டேன். "குடுக்கலாம். அப்புறம் தூக்கம் வராது" என்றாய். ஏன் எடுக்கக் கூடாது என்றதற்கு, "எடுத்தா பேசணும். பேசினா நேத்து ஏன் வரலன்னு பொய் சொல்லணும். பொய் சொல்லிட்டா வெக்கப்பட்டுக்கிட்டு மறுபடி வராதுங்க. ரிங் போதும்" என்றாய். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் நீ மயங்கி விழுந்து, உன்னை வேனில் கொண்டு வந்து இறக்கி, எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் உன் போன் அடித்தது. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் படுத்திருந்தார்கள். ஒரு ரிங், கட். இன்னொரு ரிங், கட். நீ செத்தது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? யார் சொல்லியிருப்பார்கள்? நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்துக்கு வருவதற்குள் போன் சித்தப்பா கையில் இருந்தது.

'சங்கீதா காலை' என்று பெயரைச் சத்தமாகப் படித்தார். 'பிரவீன் காலை' என்றும் அதில் இருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. சங்கீதாவுக்குத் திருப்பிப் போட்டார்.

"யாருடி நீ? விடிஞ்சும் விடியாம ஆம்பளைக்குப் போன் போடறவ? அவன் செத்துட்டான். வேற ஆளப் பாரு."

பிடுங்கினேன். அது என்ன ரிங் என்று எல்லாரிடமும் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. "தங்கச்சி வேற எப்படிச் சொல்லுவா?" என்று சித்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை மறைக்கத்தான் என்று நினைத்தேன். இல்லை அண்ணா, சிரித்தாள்.

மறுநாளிலிருந்து சங்கீதாவிடமிருந்து ரிங் வரவில்லை. காரியம் முடிந்ததும் பிச்சாவரம் பக்கம் அவள் குப்பத்துக்குப் போனேன். பத்தாவதில் கணக்கில் தவறி, வீட்டில் முடங்கிக் கிடந்தவளைச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சியில் நீ சேர்த்துவிட்ட கதையெல்லாம் என்னிடம் சொல்லியிருக்கிறாய். ஒரு நாள்கூட மட்டம் போடாதவள் என்று பெருமைப்பட்டாயே. அவளைத்தான் பயிற்சிக்குப் போகவிடாமல் நிறுத்திவிட்டார்கள்.

அவள் அம்மாதான் வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். "அது எங்க வூட்டுக்காரர் போனும்மா. அவரு பக்கத்துலயே ஒக்காந்திருந்தாரு. ஸ்பீக்கர்ல எல்லாம் கேட்டுடுச்சு. அவுங்க வீட்டு ஆளே அப்படிச் சொன்னா நாங்க என்னா நெனைக்கிறது?"

உன்னைத் தெரியாத ஆளிடம் உன்னைப் பற்றி நல்லது சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சொல்லச் சொல்ல நான் எதையோ மூடி மறைப்பது போலவே எனக்குக் கேட்டது.

சங்கீதா பின்னாலிருந்து வந்தாள். கையெல்லாம் முந்திரிக்கொட்டை உடைக்கும்போது வடிகிற பால் பட்டுக் கறுத்திருந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கம்பெனிக்கு வேன் வருகிறதாம், அதில் போகிறாளாம். "ஸார் எப்படி செத்தாரு?" என்று கேட்டாள். மாரடைப்பு என்றேன். அவளுக்கு அதுகூட யாரும் சொல்லவில்லை. நீ போய்விட்டாய் என்ற செய்தியே அவளுக்கு அந்தத் திட்டில்தான் வந்தது.

சித்தப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க" என்றாள். பயிற்சியில் அவள் இடம் போய்விட்டது. அங்கே போகும் வழியிலேயே சிதம்பரத்தில் இறங்கிக் கேட்டிருந்தேன், அடுத்த பேட்ச் தொடங்கும்போது பார்க்கலாம் என்றார்கள். அவ்வளவுதான். நீ மாதக்கணக்கில் நடையாய் நடந்து எழுப்பிய பெண்ணை நம் வீட்டு ஆள் ஒரே போனில் படுக்க வைத்துவிட்டார். அவர் படம்தான் பேனரில் பெரிது.

கிளம்பும்போது பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தாள். "அடுத்த பேட்ச்சுன்னாங்களே, அதுவரைக்கும் ரிங் குடுக்கறியாம்மா? ஸார் போன் என்கிட்டதான் இருக்கு" என்றேன்.

அவள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அந்த நம்பர் வேணாங்க்கா. அப்பா அத நல்லா மனப்பாடம் பண்ணி வச்சிருக்காரு. உங்க நம்பர் குடுங்க. பொம்பள நம்பர்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கொடுத்தேன். பஸ்ஸில் ஏறியதும் அழுதேன். அந்த வீட்டில் உன் பெயரை இனி யாராலும் கழுவ முடியாது அண்ணா. அவளும் அதற்கு முயலவில்லை. வேறு வழியைப் பார்த்துக்கொண்டாள். நீ சொல்லிக் கொடுத்தது அதுதானோ என்னவோ. எனக்கு ஆறவில்லை.

பிரவீனும் மற்றவர்களும் இன்னும் உன் போனுக்குத்தான் ரிங் கொடுக்கிறார்கள். சில பேர் நிறுத்திவிட்டார்கள். அவர்களை எங்கே போய்த் தேடுவது? உன்னைப் போல எனக்கு வெளியே வருகிற வழியில் நிற்கத் தெரியாது. எங்கள் ஆபீஸில் தாசில்தாரிடம் லீவு கேட்கவே வேறு ஆளை அனுப்புகிறவள் நான்.

இன்று காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. சங்கீதா. எழுந்து எங்கே போகப் போகிறாள்? முந்திரி உடைக்கத்தான். இருந்தாலும் கொடுத்தாள். எடுத்துப் பேச வேண்டும், அழ வேண்டும், எப்படியம்மா இருக்கிறாய் என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

எடுக்கவில்லை அண்ணா. அடுத்த பேட்ச் தொடங்கும் அன்று அவளைக் கூட்டிக்கொண்டு நானே சிதம்பரம் போவேன். அதுவரை ஆறு மணிக்கு விழித்திருப்பேன். நாளைக்கும் எடுக்க மாட்டேன்.

உன் தங்கை,
மல்லிகா